சந்தனத்தின்மேல் போட்ட பழி

தான் செய்யாத ஒரு தவற்றை ஒரு மனிதர் எட்டு வருடம் சுமந்தார். அதை அவர்மேல் ஏற்றி வைத்தவன் நான். ஏற்றும்போதே அது அவருடையது அல்ல என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் விளக்கங்களுக்குள் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது.

எனக்கு எழுபத்து நான்கு வயது. இலங்கை மலைநாட்டில், பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் படித்தேன். முப்பது வருடம் வெளிநாட்டில் கம்பைலர் எழுதும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்று ஊர் திரும்பினேன். மனிதர் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அதில் கடைசிப் பகுதிதான் என் தொழில். புரோகிராம் எந்தச் சிப்பில் ஓடப் போகிறதோ, அந்தச் சிப்பின் சொந்தக் கட்டளைகளைத் தேர்ந்தெடுத்து, அதில் இருக்கும் சொற்ப இடத்துக்குள் அடுக்கித் தர வேண்டும்.

என் தங்கை மகன் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்று வந்தான். அவன் பயன்படுத்திய சிப் மிக மலிவானது, சுண்டுவிரல் நகமளவு. அதனுடன் வந்த கம்பைலரோ நம்பக்கூடியதாக இல்லை.

“மாமா, சும்மாதானே இருக்கீங்க. இதுக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்” என்றான் ஒரு நாள்.

“ஒரு மனுசன் சும்மா இருந்தா உனக்குப் பொறுக்காதே” என்றேன். அன்று மாலையே சிப்பின் கையேட்டைப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

பதினொரு மாதம் அதில் கழிந்தது. அந்தச் சிப்பில் எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்க ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான். ஒற்றைச் சட்டி வைத்துக்கொண்டு கல்யாணச் சமையல் செய்வதைப் போன்ற வேலை. ஒன்றை எடுத்து, வேக வைத்து, இறக்கி வைத்து, அடுத்ததை ஏற்ற வேண்டும். எதை எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாச் சாமர்த்தியமும். வேலையில் இருந்த காலத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

என் கம்பைலரை வைத்து அவன் முதலில் செய்தது ரோட்டர்வேனுக்கான பெட்டி. வாடிய தேயிலைக் கொழுந்தை உள்ளே சுழலும் திருகால் நசுக்கித் தள்ளும் இயந்திரம் அது. இறைச்சி அரைக்கும் மெஷினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. மேலே கொழுந்து விழும் வாய். அந்த வாய்க்கு அவன் ஒரு மூடி போட்டான். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன ஒளிக்கருவி. மூடி மூடியிருந்தால் வெளிச்சம் மறைபடும், திறந்தால் வெளிச்சம் பாயும். தொழிலாளர்கள் அதற்குக் ‘கண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் புரோகிராம் முதலில் கண்ணைப் பார்க்கும். மூடி மூடியிருந்தால் மூன்று விநாடி எச்சரிக்கை மணி அடிக்கும். மணி முடிந்ததும் இன்னொரு முறை கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட விடும்.

புரோகிராம் சிப்பில் அடங்கவில்லை. பத்தொன்பது பைட் அதிகமாகிவிட்டது. மருமகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நான் இரண்டு நாளில் கம்பைலரின் கடைசியில் ஒரு துப்புரவுப் படியைச் சேர்த்தேன். ஒரு முறை பார்த்து விடை தெரிந்துவிட்ட ஒன்றை, நடுவில் யாரும் மாற்றாதபோது, மறுபடி பார்ப்பது வீண் என்று அந்தக் கட்டளைகளை அது நீக்கிவிடும். புரோகிராம் அடங்கியது, நான்கு பைட் மிச்சத்துடன். அவன் எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

வெளியுலகத்திலிருந்து வரும் செய்திகளை அப்படி நீக்கக் கூடாது. கண் பார்ப்பதைப் புரோகிராம் மாற்றாவிட்டாலும் ஒரு மனிதக் கை மாற்றலாம். ‘இதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்’ என்று குறி போட அவன் எழுதிய மொழியில் வழி உண்டு. அவன் சரியாகத்தான் குறி போட்டிருந்தான். என் கம்பைலர் அந்தக் குறியைக் கடைசிக்கு முந்திய படி வரை கொண்டுவந்து, துப்புரவுப் படிக்கு முன்னால் தவற விட்டது. என் சோதனைகளில் அது அகப்படவில்லை. நான் சோதித்ததெல்லாம் என் மேசைக் கணினியில் ஓடிய ஒரு பொம்மைச் சிப்பில். அங்கே மணி அடிக்கும்போது யாரும் மூடியைத் திறப்பதில்லை.

பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் தொழிற்சாலையில் முதல் பெட்டியைப் பொருத்தினோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரோட்டர்வேனைப் பார்த்துக்கொண்டவருக்கு நாற்பது வயதிருக்கும். அதே அறையில் அவருடைய அண்ணன் மனைவி கொழுந்து அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு. நான்தான் அவர்களுக்கு விளக்கினேன்.

“மூடி தெறந்திருந்தா மெஷின் ஓடாது. ஓடிக்கிட்டு இருக்கிறப்போ தெறந்தாலும் நின்னுரும்.”

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “ஐயா, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு கண்ணு வச்சுக் குடுங்க. போத்தல் மூடியத் தெறந்தா ஆளு அப்படியே நின்னுரணும்.”

“அப்புறம் அண்ணே வாழ்நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கணும் மதினி” என்றார் கொழுந்தன். அறையே சிரித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: “மணி அடிக்கிறப்போ யாராச்சும் தெறந்துட்டா?”

“அப்பவும் ஓடாது. மணி முடிஞ்சதும் இன்னொரு தடவ பாக்கும்.”

“ரெண்டு தடவ பாக்குதா? மனுசனவிட மேல்தான்” என்றார்.

ஆயுத பூசைக்குத் தொழிற்சாலையைக் கழுவி, வாழைக் கன்று கட்டி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் திருநீறும் சந்தனமும் வைப்பது அங்கே எப்போதும் உள்ள வழக்கம். ரோட்டர்வேனுக்கு அவரே பொட்டு வைத்தார். புதிதாக வந்த பெட்டிக்கும் வைத்தார். கண்ணுக்கு அதன் கூட்டின் விளிம்பில், குழந்தைக்கு வைப்பதுபோல் சின்னதாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டார்.

பூசை முடிந்து நாலாம் நாள் முற்பகல். அவர் மூடியைச் சரிபார்த்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. மூடி இடுக்கில், வாயின் ஓரத்தில் ஒரு தண்டு செருகி நிற்பதை அந்த அம்மா பார்த்தார். மூடி திறந்திருந்தால் ஓடாது என்று நான் சொல்லியிருந்தேன். அந்த அம்மா மூடியைத் தூக்கிக் கையை விட்டார். மணி நின்றது. இயந்திரம் ஓடியது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் நானும் மருமகனும் போனோம். பெட்டியைக் கழற்றுவதற்கு முன் கண்ணைச் சோதித்தேன். சந்தனம் கூட்டின் விளிம்பில்தான் இருந்தது, வெளிச்சம் போகும் துளைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மூடியைத் திறந்து பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் ‘திறந்திருக்கிறது’ என்றே கண் சொன்னது.

அன்று பிற்பகல் பண்டாரவளைக் கடை மாடியில், கம்பைலர் வெளியிட்ட கட்டளைகளின் பட்டியலை அச்சிட்டு வரிவரியாகப் படித்தேன். முதல் பார்வை இருந்தது. மணி இருந்தது. மணியை அடுத்து, மோட்டாரை ஓட விடும் கட்டளை. நடுவில் மூன்று கட்டளைகள் இருந்திருக்க வேண்டும். என் துப்புரவுப் படி அவற்றை வீண் என்று எடுத்திருந்தது. கீழே மரக்கறிக்காரர்கள் கோவா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, இல்லாத அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

“மாமா, மத்த பேக்டரிகள்ளயும் இதுதான் ஓடுது.”

“நாளைக்கே எல்லாத்தையும் மாத்தணும்.”

“மாத்துவோம். சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொண்ணா மாத்திருவோம். ஆனா விசாரணையில இது வேணாம் மாமா. கம்பெனி அன்னியோட முடிஞ்சிரும். பன்னெண்டு பேரு வேல செய்றாங்க.”

அவன்மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அவன் கேட்டான், அவ்வளவுதான். மறுக்க எனக்கு வாய் இருந்தது. அதோடு, கம்பெனியைவிட எனக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. முப்பது வருடம் இதில் பெயர் எடுத்தவன் நான். முதல் வருடத்து மாணவன் செய்யும் பிழையைச் செய்தேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் தொழிற்சாலை அலுவலகத்தில் விசாரணை. தோட்டத்துத் துரை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர், தொழிற்சங்கத் தலைவர், நாங்கள் இருவர், ரோட்டர்வேன்காரர். அவர் நின்றுகொண்டே சொன்னார்: “மணி முடிஞ்சுதுங்க. மூடி தெறந்தே இருந்துச்சு. மெஷின் ஓடுச்சு. நான் பாஞ்சு அமத்துறதுக்குள்ள அதுவே நின்னுருச்சு.”

“அதுவே எப்படிய்யா நிக்கும்?” என்றார் டீமேக்கர். “பதட்டத்துல நீயே அமத்தியிருப்ப.”

“இல்லைங்க. அதுவே நின்னுச்சு.”

அந்த அறையில் அந்த வார்த்தையின் பொருள் எனக்கும் மருமகனுக்கும் மட்டுமே தெரியும். ஓடத் தொடங்கியபின் புரோகிராம் புதிதாகக் கண்ணைப் பார்க்கும். அது புரோகிராமின் வேறொரு பகுதியில் இருந்ததால், அந்தப் பார்வையை என் கம்பைலர் நீக்கவில்லை. ஆகவே மூடி திறந்திருப்பதைக் கண்டு உடனே நிறுத்தியது. அதற்குள் திருகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. கண்ணைச் சந்தனம் மறைத்திருந்தால் இயந்திரம் நின்றே இருக்காது. அவர் தன்னைக் காப்பாற்றும் சாட்சியைத் தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

துரை என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்: “கண் கூட்டில் சந்தனம் ஒட்டியிருந்தது. கண்ணைச் சந்தனம் மறைத்தால், மூடி மூடியிருப்பதாகவே இயந்திரம் எடுத்துக்கொள்ளும்.”

இரண்டு வாக்கியமும் தனித்தனியே உண்மை. அவற்றை அடுத்தடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

“கண்ணுல யாரு பொட்டு வச்சது?” என்று டீமேக்கர் கேட்டார்.

ரோட்டர்வேன்காரர் தன் வலது கையைத் திருப்பி, சந்தனம் தொட்ட மோதிர விரலைப் பார்த்தார். “நான்தாங்க” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ‘அதுவே நின்னுச்சு’ என்று சொல்லவேயில்லை. அவரை ரோட்டர்வேனிலிருந்து எடுத்து மலையில் மழைநீர் ஓடக் கான் வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். இனி எந்த இயந்திரத்திலும் பொட்டு வைக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். நாங்கள் ஒன்றரை மாதத்தில் எல்லாப் பெட்டிகளின் சிப்பையும் மாற்றினோம். கம்பைலரைத் திருத்தினேன். திருத்தத்தைப் பற்றிய குறிப்பில் ‘சிறு மேம்பாடு’ என்று எழுதினேன்.

விரல்கள் என்னைத் தொடர்ந்து வந்தன என்று எழுதினால் கதைபோல் இருக்கும். உண்மையில் வந்தவை முழுக் கைகள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் கை, பஜாரில் போஞ்சி பொறுக்கும் கை, கோயிலில் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும் கை. எதைப் பார்த்தாலும் ஐந்தையும் எண்ணிய பிறகுதான் முகத்தைப் பார்க்க முடிந்தது. எங்காவது மணிச்சத்தம் கேட்டால் மனம் தானாக மூன்று வரை எண்ணும். மூன்றில் நின்று, ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே மூச்சு விடும். அந்த அச்சுத் தாள்களை எரிக்க இரண்டு முறை எடுத்தேன். எரிக்க முடியவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அந்த மேசையில் உட்காருவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடம் கழித்துப் பண்டாரவளை பஸ் நிலையத்தில் அந்த அம்மா என்னைக் கண்டு, தாமாகவே கிட்டே வந்தார். நான் திரும்பிப் போயிருப்பேன். வழி இல்லை.

“ஐயா, சொகமா இருக்கீங்களா? மெலிஞ்சு போயிட்டீங்களே.”

கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். என்னென்னவோ பேசிவிட்டு, பஸ் வரும் நேரத்தில் சொன்னார்: “எங்க கொழுந்தனார்தான் ஐயா ஒரு மாதிரி ஆயிட்டாரு. எங்க வீட்டுல கை நனைக்கிறதில்ல. திருநீறு தொடுறதில்ல. மகளுக்குச் சடங்கு வச்சப்போகூடப் பொட்டு வைக்க மாட்டேன்னு கொல்லைப் பக்கம் போய் நின்னுட்டாரு. போனது என் வெரலு, நானே மறந்துட்டேன், ஒனக்கு என்னய்யான்னு திட்டியும் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க படிச்சவங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.”

“சொல்றேம்மா” என்றேன்.

“மறந்துராதீங்க” என்று சொல்லி, இடது கையால் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறினார்.

நான் மறக்கவில்லை. போகவும் இல்லை. இப்படியே ஏழு வருடம். பதுளையிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பலாம்.

இந்த வருடத் தொடக்கத்தில், அந்தத் தொழிற்சாலைக்கு வேலையாகப் போய் வந்த மருமகன் சொன்னான்: “மாமா, அந்த அம்மா தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்.” அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

ரோட்டர்வேன்காரர் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் களை கொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நெற்றி வெறுமையாக இருந்தது. என்னை அடையாளம் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, “வாங்க ஐயா. மதினி காரியத்துக்கு வந்தீங்களா? அது முடிஞ்சு மூணு வாரமாச்சு” என்றார்.

நின்றபடியே சொன்னேன். சந்தனம் காரணமல்ல. நான் எழுதிய புரோகிராம் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இயந்திரம் அதுவே நின்றது என்று அவர் சொன்னது சரி.

அவர் மெதுவாகக் கேட்டார்: “அதுவா நின்னுச்சுல்ல?”

“ஆமா.”

“நான் அமத்தல?”

“இல்ல. நீங்க அமத்தல.”

அவர் பாத்தி வரப்பில் உட்கார்ந்தார். “எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. அன்னிக்கு நான் கண்டது நெசமா பொய்யான்னு. இத்தன வருசமா” என்றார். பிறகு எழுந்து, கால் மண்ணைத் தட்டினார். “எங்கிட்டச் சொல்லி என்னங்க? வாங்க, அண்ணங்கிட்டச் சொல்லுங்க.”

அவர் முன்னால் நடந்தார். லயத்து வாசலில் அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணே, அத அமத்து. இவங்க ஒண்ணு சொல்லணுமாம்.” அக்கம்பக்கத்துக் கதவுகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். நான் கம்பைலர், சிப் என்று தொடங்கினேன்.

“அதெல்லாம் வேணாங்க” என்று தம்பி தடுத்தார். “சந்தனத்தால இல்லைன்னு மொதல்ல சொல்லுங்க.”

“சந்தனத்தால இல்ல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது.”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“விசாரணைக்கு முதல் நாள்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அப்பவும் சொல்லல.”

அவர் ரேடியோவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்றுதான் நான் வந்திருந்தேன். அதுகூட எனக்கு ஒரு வசதியாக இருந்திருக்கும்.

“எழுதித் தருவீங்களா?” என்று கேட்டார் தம்பி. “ஆபீசுல ஒண்ணு குடுக்கணும். எங்கிட்ட ஒண்ணு இருக்கணும்.”

பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து எழுதினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துத் தாமே வாசித்தார். பாதியில் விரல் நின்றது.

“‘சூழ்நிலை காரணமாக அன்று தெரிவிக்க இயலவில்லை’ன்னு எழுதியிருக்கீங்க. எந்தச் சூழ்நிலைங்க?”

தாளை வாங்கி, அந்த வரியை வெட்டினேன். ‘தெரிந்தே மறைத்தேன்’ என்று மேலே எழுதினேன். இரண்டாவது தாளிலும் அப்படியே எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மற்றதை மடிக்காமல் கையில் பிடித்தபடி லயத்தின் கோடி வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வாசலாகக் காட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் தாளையும் படித்தார்கள், படியில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்கள். யாரும் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் கடைசி வாசலுக்கு வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.